திரைக்கு முன்னும் பின்னும்

தங்கையின் பேத்தி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று முடிவு செய்ய ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பெரியவர்கள் தங்கை வீட்டில் கூடியிருந்தோம். கணிதம் என்றார் ஒருவர், பி.காம். போதுமே என்றார் இன்னொருவர். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று யாரோ சொல்ல, அவள் கதவோரம் நின்றபடியே, "எனக்கு டைரக்‌ஷன் படிக்கணும்" என்றாள். நடிக்கவா என்று அவளுடைய வாப்பா பதறிப்போய்க் கேட்டார். "நடிக்கிறதுக்கு இல்லை வாப்பா. எடுக்கிறதுக்கு" என்றாள்.

கூடத்தில் சற்று நேரம் பேச்சில்லை. அதன்பின் எழுந்த பேச்சு நேயர்கள் ஊகிக்கக்கூடியதே. அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கடைசியில், "பத்திரிகையில் எழுதுகிறவர், நாலும் அறிந்தவர், அவரே சொல்லட்டும்" என்று பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் தவணை கேட்டு எழுந்து வந்தோம்.

அந்த ஒரு வாரமும் நம் நினைவில் நின்றவர் ஸாஹிரா காஸ்மி. பாகிஸ்தான் தொலைக்காட்சியில் நடிகையாக விளங்கிப் பின்னர் இயக்குநராக உயர்ந்த பெண்மணி. தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆனால் அவர் இயக்கிய ஒரு நாடகத்தை, இயக்கியவர் யாரென்றே அறியாமல், வீடியோ கேஸட்டில் கண்டு மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு. நம் குடும்பம் அவற்றுள் ஒன்று.

அது 1988ஆம் ஆண்டு. அப்போது நாம் சென்னை மண்ணடியில் குடியிருந்தோம். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் வீடியோ பெட்டி ஒன்றையும், 'தூப் கினாரே' என்று பேனாவால் எழுதி ஒட்டப்பட்ட சில கேஸட்டுகளையும் கொண்டுவந்திருந்தார். துபாயில் அவருடன் அறையில் தங்கியிருந்த கராச்சிக்காரர் பிரியத்துடன் கொடுத்தனுப்பியதாம். உருது நாடகம். நம் வீட்டிலோ உருது தெரிந்தவர் எவருமில்லை. அடுத்த வீட்டில் வாணியம்பாடியிலிருந்து வந்து தோல் வணிகம் செய்த குடும்பம் ஒன்று இருந்தது. அவ்வீட்டு அம்மையாரை அழைத்து வந்து நடுவில் அமர்த்திக்கொண்டோம். அவர் பாதியைத் தமிழில் சொல்வார். மீதிப் பாதிக்குத் தாமே சிரித்துக்கொள்வார். "என்னவென்று சொல்லுங்களேன்" என்று நாங்கள் மன்றாட வேண்டியிருக்கும்.

கதை நடப்பது கராச்சியின் ஒரு மருத்துவமனையில். டாக்டர் ஸோயா என்னும் இளம்பெண் அங்கே பயிற்சி மருத்துவர். குறும்புக்காரி, மறதிக்காரி, மூத்த மருத்துவர் அஹ்மரிடம் நாள்தோறும் திட்டு வாங்குபவள். ஆனால் நோயாளியின் கையைப் பிடித்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். கண்டிப்பும் தனிமையுமாகவே வாழ்ந்துவிட்ட அந்த அஹ்மரின் மனம் மெல்ல மெல்ல அவள்பால் சாய்வதே கதை. இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். நாம் கண்ட புதுமை வேறு. வெள்ளை அங்கி அணிந்து, தோளில் துப்பட்டாவுடன், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்க, இரவுப் பணி பார்க்கும் முஸ்லிம் பெண்கள் அந்த நாடகத்தில் வெகு இயல்பாக நடமாடினார்கள். அவர்கள் ஏன் படித்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்று எவரும் விளக்கம் கேட்கவில்லை. எவரும் விளக்கம் சொல்லவுமில்லை.

தங்கைக்கு அப்போது பதினெட்டு வயது. பிளஸ் டூவில் உயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மூன்றாம் இரவு நாடகம் முடிந்து எல்லோரும் உறங்கப் போனபின், "காக்கா, நீங்க ஒரு வார்த்தை வாப்பாட்ட சொன்னா, வாப்பா கேப்பாங்க" என்றாள். எதைப் பற்றி என்று அவளும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வாப்பாவுடன் அமர்ந்து உண்டோம். அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்லவில்லை. அவ்வாண்டு இறுதியில் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. நல்ல மாப்பிள்ளைதான், குறை சொல்ல ஏதுமில்லை. அந்த நாடகத்தைப் பற்றி அவள் அதன்பின் நம்மிடம் பேசியதே கிடையாது.

நிற்க. அந்நாடகத்தை இயக்கியவர் ஒரு பெண் என்பதை நாம் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அதன்பின்னரே அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

ஸாஹிரா பிறந்தது 1950இல், பம்பாயில். தந்தை, அந்நாளில் இந்திப் பட உலகில் புகழ்பெற்றிருந்த நடிகர் ஷியாம். ஸுரையாவுடன் 'தில்லகி'யிலும், ரங்கூன் பாட்டால் நாடெங்கும் பேசப்பட்ட 'பதங்கா'விலும் நடித்தவர். இரண்டும் 1949இல் வந்தவை. ராவல்பிண்டியில் வளர்ந்த பஞ்சாபி இந்து இளைஞர் அவர். தாய் மும்தாஜ் குறைஷி, முஸ்லிம் பெண்மணி. 1951 ஏப்ரலில் 'ஷபிஸ்தான்' படப்பிடிப்பின்போது குதிரையிலிருந்து விழுந்து ஷியாம் இறந்துபோனார். வயது முப்பத்தொன்று. மகளுக்குத் தந்தையின் முகம் நினைவில் பதியும் வயது அன்று. எழுத்தாளர் ஸஆதத் ஹஸன் மண்டோவுக்கு ஷியாம் உயிர்த்தோழர். பிரிவினைக்குப்பின் லாகூருக்குச் சென்றுவிட்ட மண்டோ, அந்த நண்பரைப் பற்றி எழுதிய கட்டுரை உருது உரைநடையில் மறக்க முடியாதது. தாய் பிள்ளைகளுடன் பாகிஸ்தானில் குடியேறினார். இப்படியாக, தந்தையைத் திரையிலும் பிறர் எழுத்திலும் மட்டுமே காணக்கூடிய நிலையில் ஒரு பெண்குழந்தை வளர்ந்தது.

பாகிஸ்தானில் தொலைக்காட்சி 1964 நவம்பரில் லாகூரில் தொடங்கிற்று. கராச்சி நிலையம் 1966இல் வந்தது. அந்நாட்டில் சினிமா ஒருபுறம் தரம் தாழ்ந்துகொண்டிருக்க, தொலைக்காட்சி நாடகம் வேறு பாதையில் சென்றது. நல்ல எழுத்தாளர்கள் அதற்கு எழுதினார்கள். படித்த குடும்பத்துப் பெண்கள் அதில் நடிக்க முன்வந்தார்கள். ஸாஹிராவும் அவ்வாறு வந்தவரே. 1974இல் அவர் மணந்துகொண்ட ராஹத் காஸ்மியும் நடிகர். 1976இல் வந்த 'பர்ச்சாயியான்' பாகிஸ்தான் தொலைக்காட்சியின் முதல் வண்ண நாடகத் தொடர்; ஹென்றி ஜேம்ஸின் ஆங்கில நாவல் ஒன்றைத் தழுவி ஹஸீனா மொயீன் எழுதியது. அதில் கணவரும் மனைவியும் முக்கிய வேடங்களில் நடித்தார்கள். ஸாஹிராவின் முகம் இல்லந்தோறும் அறிமுகமாயிற்று.

ஹஸீனா மொயீனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியாது. கான்பூரில் பிறந்து, பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானில் வளர்ந்தவர். 2021 மார்ச்சில் கராச்சியில் காலமானார். அவருடைய கதைகளில் பெண்கள் அழுது வடிய மாட்டார்கள். வாதாடுவார்கள், சிரிக்க வைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், தகப்பனைத் தோழனாக நடத்துவார்கள். 'அன்கஹி', 'தன்ஹாயியான்' முதலியவை ஒளிபரப்பான மாலைகளில் கராச்சியின் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். ஸாஹிராவும் ஹஸீனாவும் சேர்ந்தது அந்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த நற்பேறு என்றே நாம் கருதுகிறோம்.

1977 ஜூலையில் ஜெனரல் ஜியாவுல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். அதன்பின் தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் தலையில் துப்பட்டா அணிய வேண்டுமென்று ஆணை வந்தது. மஹ்தாப் சன்னா என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் அதற்கு இணங்க மறுத்து விலகினார். நம் நேயர்களில் ஒரு சாரார், தலையை மூடச் சொன்னதில் பிழையென்ன என்று கேட்பார்கள். நம் உம்மா இறுதிவரை தலைத்துணி நழுவ விட்டதில்லை. நம் தங்கையும் அப்படியே. அது அவர்களுடைய ஈமான். ஆனால் அரசாங்கத்தின் சுற்றறிக்கையால் ஈமானை வளர்க்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஒருவர் தாமே விரும்பி அல்லாஹ்வுக்காகச் செய்வதும், மேலதிகாரிக்கு அஞ்சிச் செய்வதும் ஒன்றாகா. இதற்குமேல் இதைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

இந்தக் கெடுபிடிக் காலத்தில்தான் 'தூப் கினாரே' உருவாயிற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1987இல் அது ஒளிபரப்பானபோது ஜியாவே ஆட்சியில் இருந்தார். ஸாஹிரா அதற்குள் நடிப்பிலிருந்து தயாரிப்புக்கு வந்துவிட்டிருந்தார். பாகிஸ்தான் தொலைக்காட்சியில் நாடகத்தை இயக்குபவருக்குத் தயாரிப்பாளர் என்றே பெயர். அந்த வேலை எத்தகையது என்பதை நம் பேத்திக்காகவே விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அரங்கில் மூன்று நான்கு கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடும். அரங்கை ஒட்டிய கட்டுப்பாட்டு அறையில், வரிசையாக வைத்த சிறு திரைகளுக்கு முன் இயக்குபவர் அமர்ந்திருப்பார். எந்தக் கேமராவின் காட்சி பதிவாக வேண்டும், பேசுகிறவன் முகமா, கேட்டுக்கொண்டிருப்பவளின் முகமா என்பதை அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டும். நடிகர்களும் கேமராக்காரர்களும் விளக்குப் பிடிப்பவர்களும் அந்த ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டு நடப்பார்கள்.

பேசுகிறவன் முகமா, கேட்பவள் முகமா? இந்தக் கேள்வியைப் பற்றி நாம் நெடுநேரம் சிந்தித்தோம். நடிகையாக இருந்தவரை ஸாஹிரா பிறர் காட்டிய அளவுக்கே காணப்பட்டார். இயக்குபவரானபின் யாரைக் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்பது அவர் கைக்கு வந்தது. 'தூப் கினாரே'யைத் துபாயிலிருக்கும் மச்சானின் மகன் அண்மையில் கைப்பேசியில் அனுப்பிவைத்தான், மீண்டும் பார்த்தோம். அஹ்மர் திட்டுகிறார், நாம் காண்பதோ ஸோயாவின் கண்கள். ஒருவரையொருவர் தொடாமல், காதல் என்ற சொல்லைக்கூட மிகச் சிக்கனமாகச் செலவிட்டு, நேசத்தைப் பார்வையாலும் மௌனத்தாலும் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாடுகள் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். இயக்கியவரின் மனப்பாங்கே முதற்காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. வாப்பாவும் மகளும் ஒரே பாயில் அமர்ந்து கூசாமல் பார்க்கக்கூடிய காதல் கதை அது. இன்று வரும் தொடர்களை அப்படிப் பார்க்க முடிகிறதா என்பதை நேயர்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. டாக்டர் அஹ்மராக நடித்தவர் வேறு யாருமல்லர்; ஸாஹிராவின் கணவர் ராஹத் காஸ்மிதான். மனைவி கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து ஆணையிட, கணவர் அரங்கில் நின்று அதன்படி நடித்தார். அதனால் அக்குடும்பத்தின் மதிப்பு குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது நம் மனைவி, "அந்த மனுசர் நல்லவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதில் நமக்கான செய்தி ஏதேனும் இருந்ததா என்று நாம் ஆராயத் துணியவில்லை.

நாடகத்தின் பெயருக்கு 'வெயிலின் விளிம்பு' என்று பொருள் சொல்லலாம். ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். அதனை நய்யாரா நூர் பாடியிருக்கிறார். அஸ்ஸாமின் குவாஹாத்தியில் பிறந்து 2022இல் கராச்சியில் மறைந்த அப்பெண்மணியின் குரல், மொழி புரியாத நம் உம்மாவையே கேஸட்டைத் திரும்ப ஓட்டச் சொல்ல வைத்தது. பம்பாயில் பிறந்தவர் இயக்க, கான்பூரில் பிறந்தவர் எழுத, குவாஹாத்தியில் பிறந்தவர் பாட, கராச்சியில் உருவான நாடகம் இது. எல்லைக்கோடு போட்டவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பார்களா, தெரியவில்லை. 2011இல் இந்தியத் தொலைக்காட்சி ஒன்று இதே கதையை இந்தியில் மீண்டும் எடுத்தது. 2020இல், அரபு மொழியில் குரல் மாற்றி ஸவூதியில் காட்டப் போவதாகவும் செய்தி வந்தது.

'தூப் கினாரே'யின் வெற்றிக்குப்பின் அதேபோன்ற இனிய கதைகளையே எடுத்துக்கொண்டிருந்தால் ஸாஹிராவுக்குத் தொல்லை இருந்திராது. அவர் அப்படிச் செய்யவில்லை. 1991இல் 'ஆஹட்' என்ற குறுந்தொடரை இயக்கினார். எழுதியவர் மீண்டும் ஹஸீனா. ஆண்பிள்ளை வேண்டும் வேண்டும் என்று குடும்பத்தார் நெருக்க, அடுத்தடுத்துப் பெண்மக்களைப் பெற்று உடல் நலிந்துபோகும் ஒரு பெண்ணின் கதை. குடும்பநலத் திட்டத்தை மக்களிடம் கொண்டுசெல்லவே எடுக்கப்பட்ட தொடர் அது, மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடு உடன்படாதவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அந்நாளில் நாமும் அவ்வாறே நினைத்தோம். ஆலிம்களிடம் வாதம் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம் என்றே இன்றும் எண்ணுகிறோம். ஆனால் பிறந்தது பெண் என்று கேட்டதும் முகம் சுளிக்கும் வழக்கத்தைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை மேடைதோறும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்றாம் பெண்ணைப் பெற்ற மருமகளிடம் முகம் கொடுக்காதிருப்பவர்களை நாம் அறிவோம். அந்தப் பெண்ணின் களைத்த முகத்தின்மீது கேமராவை நிறுத்தி, இதைப் பாருங்கள் என்றவர் ஸாஹிரா. அந்த அளவில் அவருக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். 1993இல் வந்த 'நஜாத்'தும் ஏழைப் பெண்களின் உடல்நலத்தைப் பேசிய தொடரே.

அவர் அமைத்த வழியில் பிறரும் வந்தார்கள். ஸோயாவாக நடித்துப் பெண்பிள்ளைகளின் உள்ளங்களைக் கொள்ளைகொண்ட மரீனா கான் பிற்காலத்தில் தாமே இயக்குநரானார். 2021இல் அவர் இயக்கிய 'பர்தேஸ்', பிழைப்புக்காக வெளிநாடு சென்ற கணவனையும் ஊரில் தனித்து விடப்பட்ட மனைவியையும் பற்றியது. அந்தக் கதை நம்மவர்க்குப் புதிதா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் எத்தனை வீடுகளில் அது நாள்தோறும் நடந்தது! இரண்டாண்டுக்கொரு முறை வரும் கணவன், கடிதத்தில் வளரும் பிள்ளைகள், ஏர்போர்ட்டில் வாப்பாவை அடையாளம் தெரியாமல் உம்மாவின் பின்னால் ஒளியும் குழந்தை. இவற்றையெல்லாம் தமிழில் எடுத்துக் காட்டியவர் யார்? தமிழ்த் திரையில் நம்மவரைக் காட்டினால் பிரியாணி, அத்தர், இல்லையேல் வெடிகுண்டு. அப்படி எடுக்கிறார்களே என்று கண்டனக் கூட்டம் போட நமக்குத் தெரியும். நாமே எடுக்கலாமே என்று சொல்லிய பிள்ளையின் முன் கூடம் வாயடைத்துப் போயிற்று.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் கூடினோம். ஸாஹிராவின் கதையை, இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாகவே சொன்னோம். பேத்தியின் வாப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா தொழுகிறவங்களா?" என்றார். அது நமக்குத் தெரியாது, அதை விசாரிப்பது நம் வேலையுமன்று என்றோம். திரைத்தொழிலில் உள்ள கேடுகள் நமக்கும் தெரியும். பிள்ளைக்கு நேரக்கூடிய சிரமங்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. எந்த ஊரில் தங்குவாள், யாருடன் போய்வருவாள் என்றெல்லாம் நியாயமான கேள்விகள் எழுந்தன. சிலவற்றுக்கு விடை இருந்தது, சிலவற்றுக்கு இல்லை.

பிறகு, சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொன்னோம். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குமுன் இப்படியொரு பேச்சை வாப்பாவிடம் எடுக்க வேண்டியவன் எடுக்கவில்லை, அதனால் இன்று பேசுகிறோம் என்றோம். பலருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. தங்கை தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். நம்மைப் பார்க்கவில்லை. சரி என்றோ தவறு என்றோ சொல்லவுமில்லை. பேத்தியை அருகே அழைத்து, விண்ணப்பம் போடக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டாள்.